அந்த ஆளைப் பிடித்தார்களா?

ஒற்றர் கதை என்றால் நமக்குத் தீராத சபலம் உண்டு. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. சபலம் என்றுகூடச் சொல்லக்கூடாது; பரம்பரைச் சொத்து என்றுதான் சொல்லவேண்டும். நம்முடைய பாட்டனார் தங்கச்சிமடத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இராமாயணம் சொல்லும்போது, அநுமார் கடலைத் தாண்டும் கட்டத்தை அரை நாழிகையில் முடித்துவிட்டு, சுகன் என்னும் ராட்சஸ ஒற்றனின் கதைக்கு வந்துவிடுவார். வால்மீகி சொன்ன கதைதான். சுகன் பட்சி உருவம் எடுத்துக்கொண்டு இந்தக் கரைக்குத்தான் பறந்து வந்தானாம். வந்த காரியத்தை இரகசியமாக முடித்துக்கொண்டு போகாமல், ஆகாயத்தில் நின்றபடியே சுக்ரீவனிடம் இராவணனுடைய தூதை உரக்கப் பேச ஆரம்பித்துவிட்டானாம்! வானரங்கள் விடுமா? பிடித்து இறக்கையைப் பிய்த்துவிட்டன. இராமர் குறுக்கிட்டு உயிரைக் காப்பாற்றினார். அதே சுகன் பிற்பாடு சாரணன் என்னும் கூட்டாளியுடன் குரங்கு வேஷத்தில் மறுபடியும் வந்து, விபீஷணன் கண்ணில் பட்டு, மறுபடியும் அகப்பட்டுக்கொண்டான். "முதல் பாகத்தில் புத்தி வராதவனுக்குத்தான் ஐயா, இரண்டாம் பாகம்!" என்று பாட்டனார் முடிப்பார்.

ஆகவே ஒற்றர் ஹாஸ்யமும், அதற்கு இரண்டாம் பாகம் என்பதும் நம்முடைய கடற்கரைக்குப் புதிய விஷயங்கள் அல்ல.

திருவள்ளுவர் ஒற்றாடலுக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த சமாசாரத்தை இன்னோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப்பார்க்கவேண்டும் என்று அவர் சொல்வதைப் படித்தால், அவருடைய காலத்திலும் உத்தியோகஸ்தர்கள் கதை கட்டுவதில் சமர்த்தர்களாக இருந்திருக்கவேண்டும் என்று தோன்றுகிறது. நம் சிறு பிராயத்தில் ஒற்றர் என்றால் ஜெய்சங்கர்தான். 1966-ல் வெளிவந்த 'வல்லவன் ஒருவ'னும், 1970-ல் வெளிவந்த 'சி.ஐ.டி. சங்க'ரும் வருஷங்கள் பல கழித்து, பிலிமில் மழை பெய்துகொண்டிருந்த நிலையில், தீவுக் கொட்டகைக்கு வந்து சேரும். மணல் தரையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் பாம்பன் சந்தையில் கறுப்புக் கண்ணாடி அணிந்தவர்கள் எல்லோரையும் சந்தேகித்துப் பின்தொடர்ந்திருக்கிறோம். ஒருவர் கண் வைத்தியம் செய்துகொண்டவர். திரும்பி நின்று நம் காதைத் திருகினார்.

வெள்ளைக்காரர்களின் ஒற்றன் ஜேம்ஸ் பாண்ட். இயான் ஃபிளெமிங் அவனை வைத்து எழுதிய முதல் நாவல் 1953-ல் வெளிவந்தது. அப்போது இந்தியா கைவிட்டுப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது என்பதைக் கவனிக்கவேண்டும். கையில் இருந்த சாம்ராஜ்யம் கரைந்துகொண்டிருந்த சமயத்தில், உலகத்தைத் தன்னந்தனியாகக் காப்பாற்றக்கூடிய ஓர் ஆங்கிலேயன் காகிதத்தில் அவதரித்தான். 1962 முதல் திரையிலும் தோன்றினான். 1983-ல் 'ஆக்டோபஸி' என்னும் படத்துக்காக உதயபுரிக்கே வந்துவிட்டான். நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் அதில் இந்திய ஒற்றராக நடித்தார். பாவம், பாதிப் படத்திலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். சூதாட்டத்தில் வென்ற பணத்தை இந்திய சகாவிடம் நீட்டி, சில வாரம் குழம்புச் செலவுக்கு ஆகும் என்கிற பாவனையில் பாண்ட் ஒரு வார்த்தை சொல்லுகிறான். அதைக் கேட்டு நாமும் கொட்டகையில் எல்லோருடனும் சேர்ந்து சிரித்தோம். ஏன் சிரித்தோம் என்பது வீடு வந்து சேர்ந்தபின்தான் புரியாமல் போயிற்று.

இதெல்லாம் பீடிகை. சென்ற மார்கழியில் நடந்ததைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தோம்.

நம்முடைய மருமான் கோயம்புத்தூரில் என்ஜினீயரிங் படிக்கிறான். விடுமுறைக்குத் தங்கச்சிமடம் வந்திருந்தான். வெளியே வாடைக்காற்று, விடாத தூற்றல். அவன் மடிக்கணினியை ஊஞ்சற்பலகைமேல் வைத்து எதையோ பார்த்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தான். வீட்டில் ஒருவன் தனியாகச் சிரித்தால் மற்றவர்களுக்குப் பொறுக்குமா? நாம் போய் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் நம் அத்தையும் வெற்றிலைப் பெட்டியுடன் வந்து சேர்ந்தாள். அத்தை நம் தகப்பனாருடைய தங்கை, எழுபத்திரண்டு வயது. ஆங்கிலம் தெரியாது. படம் பார்க்க அது எதற்கு என்பது அவளுடைய கொள்கை.

'அமெரிக்கன் டாட்' என்று ஒரு சித்திரத் தொடர். 2005-ல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் டெலிவிஷனில் ஆரம்பமாயிற்று. ஸ்டான் ஸ்மித் என்பவன் ஸி.ஐ.ஏ. உத்தியோகஸ்தன். அவனுக்கு மனைவி, மகள், மகன். பரணில் ரோஜர் என்று ஒரு வேற்றுக்கிரகவாசியை ஒளித்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடித் தொட்டியில் ஜெர்மன்காரன் ஒருவனுடைய மூளையைப் பொருத்திய தங்கமீன் ஒன்று பேசுகிறது. வழக்கமாக இந்தக் குடும்பத்தின் கூத்தைத்தான் காட்டுவார்கள். ஆனால் 2008-ல் ஒரு நாள் இதே குடும்பத்தாருக்கு ஜேம்ஸ் பாண்ட் படத்தின் வேஷங்களைப் போட்டுவிட்டு ஒரு கதையை நடத்தினார்கள். நம்மூர் நாடகக் கம்பெனியில் நேற்று அரிச்சந்திரனாக வந்தவன் இன்று இராவணனாக வருவதுபோல. அது நன்றாய் ஓடியதால், 2013-ல் அதற்கு இரண்டாம் பாகமும் வந்தது. பெயர், 'ஃபார் பிளாக் ஐஸ் ஒன்லி'. பாண்டின் 1981-ஆம் வருஷப் படத்தின் பெயரைக் கொஞ்சம் திருகி வைத்த பெயர். மருமான் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான்.

முதல் பாகத்தின் கதையை அவன் சுருக்கமாகச் சொன்னான். அதில் ரோஜர்தான் வில்லன். சினிமா முதலாளி. பார்ப்பவர்கள் அழுது அழுதே உயிரை விடும்படியான ஒரு சோகப் படத்தை எடுத்து, ஜனங்களைக் கண்ணீராலேயே கொன்றுவிடுவது அவனுடைய சதி. நமக்கு இது சதியாகவே தோன்றவில்லை. தமிழ்ப் படமுதலாளிகள் அநேக காலமாக நாணயமாகச் செய்துவரும் தொழில் அல்லவா இது? 1961-ல் 'பாசமலர்' வெளிவந்தபோது கொட்டகையிலிருந்து திரும்பிய பெண்டுகள் வீங்கிய கண்ணோடு அடுப்பு மூட்டினார்கள் என்று நம் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

"சாவித்திரி படமா?" என்றாள் அத்தை. "அந்தம்மா புயலன்னைக்கு இங்கனதான் இருந்தாக" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினாள். உண்மைதான். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அச்சமயம் இராமேஸ்வரத்தில் இருந்தது ஊரறிந்த விஷயம்.

இரண்டாம் பாகத்துக்கு வருவோம். இதில் கதாநாயகியின் பெயரை மட்டும் இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது. பாண்ட் படங்களிலேயே பெண்களுக்கு அப்படிப் பெயர் வைப்பது சம்பிரதாயமாம். அதைத்தான் கேலி செய்கிறார்களாம். செய்யட்டும், அத்தைக்கு ஆங்கிலம் தெரியாததற்கு நாம் அன்று கடவுளுக்கு நன்றி செலுத்தினோம். வில்லனுடைய பெயரே 'கறுப்பு வில்லன்'! பையனுடைய பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியருக்கு இந்த வேஷம். அவர் நீக்ரோ ஜாதியினரின் சந்ததி, அதாவது இப்போது மரியாதையாகச் சொல்லுவதுபோல் ஆப்பிரிக்க அமெரிக்கர். முதலில் நமக்குச் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்தால், பாண்ட் படங்களில் இத்தனை வருஷமாக ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமல் காப்பாற்றிவந்த இரகசியத்தை, வில்லன் என்றால் தேசம் வேறாகவோ நிறம் வேறாகவோ அங்கம் வேறாகவோ இருக்கவேண்டும் என்ற இரகசியத்தை, பெயர்ப் பலகையாகவே எழுதி மாட்டிவிட்டார்கள். குழம்புக்குச் சிரித்த நாம் இதற்கும் சிரிக்கலாம் என்று தோன்றியது. இந்தத் தடவை காரணம் தெரிந்து சிரித்தோம்.

கறுப்பு வில்லனுடைய சதி என்னவென்றால், தலைமயிர் உலர்த்தும் காற்று யந்திரத்தைக்கொண்டு வட துருவத்துப் பனியை உருக்கிவிடுவது! அவனை எதிர்க்கக் கதாநாயகனுக்குத் தன் பழைய வைரியான கண்ணீர் வில்லனையே துணைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆக, முதல் பாகத்தில் கண்ணீர், இரண்டாம் பாகத்தில் கடல்நீர். எழுதியவர்கள் உப்புக் கரிக்கும் சமாசாரத்தை விடவில்லை.

இந்த இடத்தில் மருமானின் என்ஜினீயரிங் மூளை குறுக்கிட்டது. படத்தை நிறுத்திவிட்டு உள்ளே போனான். ஒரு தம்ளர் நன்னாரிச் சர்பத்தில் பனிக்கட்டிகளைப் போட்டு, விளிம்புவரை தண்ணீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தான். "பனி முழுக்கக் கரையட்டும். ஒரு சொட்டு வெளியே வழியாது, பாருங்கள்" என்றான். வழியவில்லை. வட துருவத்தில் இருப்பது பெரும்பாலும் கடல்மேல் மிதக்கும் பனி. மிதக்கும்போதே தன் எடைக்கு வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டுவிடுகிறது. ஆகையால் அது கரைந்தாலும் கடல் மட்டம் அநேகமாக ஏறாது என்று விளக்கினான். "வில்லன் அசடு. அவன் கிரீன்லாந்துக்குப் போயிருக்கவேண்டும். அங்கே பனி தரைமேல் இருக்கிறது. அது பூராவும் உருகினால் உலகத்துக் கடலெல்லாம் ஏறக்குறைய 7 மீட்டர் உயர்ந்துவிடும்."

"ஏழு மீட்டருன்னா எத்தனை அடிப்பா?"

"இருபத்து மூணு அடி, பாட்டி."

அத்தை தம்ளரை எடுத்துச் சர்பத்தைக் குடித்தாள். ஒன்றும் பேசவில்லை.

படம் மறுபடி ஓடியது. யந்திரங்களும் பனியும் துப்பாக்கிகளுமாக ஒரே அமர்க்களம். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாம் பார்த்து வெகுகாலம் ஆயிற்று. சரியான கட்டத்தில் வெளியே காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது; மின்சாரம் போயிற்று; ஸிக்னலும் போயிற்று. திரையில் ஒரு வெள்ளை வளையம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

இருட்டில் அத்தையின் குரல் கேட்டது: "அந்த ஆளைப் புடிச்சாகளா இல்லையா?"

"ஸிக்னல் வந்தால்தான் பாட்டி தெரியும்."

"இல்லைய்யா, நெசமாத்தான் கேக்குறேன். புடிச்சிருவாகல்ல?"

அதைக் கேட்ட குரல் வேறு மாதிரி இருந்தது. மருமான் சிரிப்பதை நிறுத்திவிட்டான்.

நம் பாட்டனார் தனுஷ்கோடியில் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்தவர். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த நாளிலிருந்து, எழும்பூரில் ஏறியவர்களை ரயில் தனுஷ்கோடித் துறைவரையில் கொண்டுவந்து விடும். அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். ரயிலும் கப்பலும் சேர்ந்த இந்தப் பிரயாணத்துக்குத்தான் போட் மெயில் என்று பெயர். சுங்கச் சாவடி, தபாலாபீஸ், பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில் எல்லாம் உள்ள ஊர். ஒரு பக்கம் அலை சீறும் ஆண்கடல், மறு பக்கம் சாதுவான பெண்கடல், நடுவே ஒரு துண்டு மணல். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, நம் தகப்பனார் இராமநாதபுரத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். அத்தைக்குப் பதினொரு வயது. அவளுக்கு இளையவன் ஒருவன் இருந்தான், ஆறு வயது. அவன் பெயரை நம் வீட்டில் யாரும் உச்சரிப்பதில்லை. நாமும் இங்கே எழுதவில்லை.

அந்த இரவைப்பற்றிப் புஸ்தகங்களில் உள்ளதை எல்லோரும் அறிவார்கள். இலங்கையில் வவுனியாவைக் கடந்து வந்த புயல். இருபது அடிக்கு மேல் எழுந்த கடல். பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த 653-ஆம் எண் பாஸஞ்சர் வண்டி நூற்றுக்கு மேற்பட்ட ஜனங்களோடு ஊரை நெருங்கும் தறுவாயில் அலையில் போயிற்று. மொத்தம் மாண்டவர்கள் 1,800 பேர் என்று கணக்கு. பாக் ஜலசந்தி ஆழமில்லாத கடல். பெருங்காற்று தள்ளிக்கொண்டுவரும் ஜலம் ஆழக் கடலாக இருந்தால் அடியில் இறங்கிப் பரவிவிடும். இங்கே இறங்க இடம் ஏது? மேலேதான் எழும்பவேண்டும். இதுதான் அதன் சூட்சுமம். சர்க்கார் பிற்பாடு அந்த ஊரை வசிக்கத் தகாத இடம் என்று அறிவித்துவிட்டது.

அத்தை வாயால் அந்தக் கதையை நாம் முழுதும் கேட்டதில்லை. அன்று இருட்டில் அவளாகவே சொன்னாள். முகம் தெரியாத சமயத்தில் சில விஷயங்களைச் சொல்லுவது சுலபம் போலும்.

"அப்பா முன்னாடி போறாக. ஆத்தா ஒரு கையில பெட்டி. தம்பிய எங் கையில புடிச்சுக் குடுத்தாக. இடுப்பு மட்டும் தண்ணி. மணல்மேட்டுக்குப் போயிட்டோம்னா பொழைச்சோம். பக்கத்துலதான் இருந்துச்சு. அம்புட்டுப் பக்கம். ஒரு தண்ணி வந்துச்சு. அது போனப்பெறகு பாத்தா எங் கை மூடித்தான் இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல."

வெற்றிலைப் பெட்டி மூடும் சப்தம் கேட்டது.

"கடலை ஏசினேன். காத்தை ஏசினேன். சாமியையும் ஏசினேன். அதுகளை ஏசி என்ன பண்ண? கடைசியில எங் கையைத்தான் ஏசிக்கிட்டுக் கெடக்கேன், அறுவது வருசமா. இந்தா, இவன் மாதிரி ஒருத்தன் தலை காயவைக்கிற மெசினை வச்சுக்கிட்டு எங்கிட்டாச்சும் குந்தியிருந்தான்னா எம்புட்டு நல்லா இருக்கும்! புடிச்சு நாலு சாத்துச் சாத்திப்பிட்டு நிம்மதியாத் தூங்கலாமே" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிஜமான சிரிப்புத்தான், அதில்தான் நமக்குப் பயம்.

அத்தை படுக்கப் போய்விட்டாள். நமக்குத் தூக்கம் வரவில்லை. கைவிளக்கின் வெளிச்சம் சுவரில் விழுந்தது. காரை பெயர்ந்த இடத்தில் வெள்ளைவெளேரென்று சுண்ணாம்பு தெரிந்தது.

இந்த வீட்டைப் பாட்டனார் புயலுக்கு அடுத்த சில வருஷங்களில் கட்டினார். சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். கடலுக்குள் பார் என்று சொல்லுவோமே, பவளப் பார், அதை உடைத்துப் படகில் ஏற்றி வந்து காளவாயில் சுட்ட சுண்ணாம்பு. மன்னார் வளைகுடா ஓரமாக அந்தக் காலத்தில் இது சர்வ சாதாரணம். அஸ்திவாரத்துக்கும் பார்க்கல்லே. ஒருவரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. கரைக்கு வரும் அலையின் வேகத்தைத் தன்மேல் வாங்கிக்கொண்டு தணித்து அனுப்புவது அந்தப் பார்தான் என்று பாட்டனாருக்கு யார் சொன்னார்கள்? கடலுக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த மனுஷர், கடலுக்கு வேலியாக நின்றதைப் பெயர்த்துக்கொண்டுவந்து, மிச்சமிருந்த பெண்ணுக்குச் சுவர் எழுப்பினார். கெட்டியான சுவர்தான். இன்றுவரை ஒழுகவில்லை.

வளைகுடாவில் இருபத்தொரு தீவுகள் என்று நாம் பள்ளியில் படித்தோம். பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் இப்போது தண்ணீருக்குக் கீழே. பாரை உடைத்ததும், மண் அரிப்பும், உயர்ந்துவரும் கடலும் சேர்ந்து அவற்றை விழுங்கிவிட்டன என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். 1986-ல் இந்தத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கினார்கள்; 2001-ல் பவளத்துக்குப் புலிக்கும் யானைக்கும் உள்ள சட்டப் பாதுகாப்பையே கொடுத்தார்கள். பாட்டனார் அப்போது இல்லை. 1900-லிருந்து உலகத்துக் கடல் மட்டம் ஏறக்குறைய இருபது ஸென்டிமீட்டர் ஏறியிருக்கிறது என்று மருமான் சொன்னான். ஒரு சாண். சுவரில் ஒரு சாணை வைத்து அளந்து பார்த்தோம். பல்லி ஒன்று பயந்து ஓடிற்று.

இத்தனைக்கும் தலைமயிர் உலர்த்தும் யந்திரம் எதையும் நாம் கண்டதில்லை. கண்டதெல்லாம் காளவாய்ப் புகையும், டீசல் படகின் புகையும், நம்முடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும்தான். அந்தச் சித்திரத்தை எழுதிய அமெரிக்கர்கள் அதை நினைத்துத்தான் அந்த அசட்டு யந்திரத்தை வில்லன் கையில் கொடுத்தார்களோ, அல்லது வெறும் சிரிப்புக்குத்தானோ, நாம் அறியோம். பேப்பரைப் பிரித்துப் பார்த்த மாதிரி இருக்கிறதே என்று மட்டும் தோன்றிற்று.

காலையில் காற்று ஓய்ந்தது. வெயில் வந்தது. ஸிக்னலும் வந்துவிட்டது என்று மருமான் கூவினான். அத்தை தலைக்குக் குளித்துவிட்டுத் திண்ணையில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெள்ளைத் தலைமயிரை விரல்களால் கோதி உலர்த்திக்கொண்டிருந்தாள். மருமான் கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் அவள் பக்கத்தில் வைத்தான்.

"பாட்டி, முடிவைப் போடட்டுமா? பிடித்தார்களா இல்லையா என்று பார்த்துவிடலாம்."

அத்தை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"முடிவு கெடக்கட்டும்ப்பா. அந்த மெசின் வருமே, அங்கேருந்து போடு. அதை நல்லாப் பாத்துக்கிறேன்" என்றாள்.